பச்சை மின்சாரம் போகும் பாதையில் கானமயில்: கம்பியைப் புதைத்தால் பிழைத்துவிடுமா?

உலகத்தில் மிச்சம் இருக்கிற கானமயில்கள் அத்தனையையும் ஒரே இடத்துக்குக் கூட்டிவந்தால், இரண்டு மூன்று டவுன் பஸ்ஸில் ஏற்றிவிடலாம். சுமார் 150தான். 1969-ல் நடந்த மதிப்பீட்டில் இந்த எண்ணிக்கை 1,260 என்று இருந்தது. 2008-ல் சுமார் 300. அதற்குப் பிறகு பத்தே ஆண்டில் அதிலும் பாதி.

மிச்சம் இருப்பவற்றில் பெரும்பாலானவை ராஜஸ்தானின் ஜெய்சல்மேர் மாவட்டத்தில் வாழ்கின்றன. இந்தியாவின் மிகப்பெரிய சோலார், காற்றாலைத் திட்டங்கள் வரிசைகட்டி நிற்பதும் அதே வட்டாரத்தில்தான். அங்கே தயாராகும் மின்சாரத்தை நாட்டின் மற்ற பகுதிகளுக்குக் கொண்டுபோக உயரழுத்த மின்கம்பிகள் வேண்டும். அந்தக் கம்பிகளில் மோதி கானமயில் சாகிறது. 2019-ல் உச்ச நீதிமன்றத்துக்குப் போன இந்தப் பிரச்சினையில் 2021, 2024, 2025 என மூன்று முக்கியமான உத்தரவுகள் வந்துவிட்டன. மூன்றும் மூன்று விதம்.

ஒரு பக்கம் நிலக்கரியை விட்டு வெளியேற வேண்டிய அவசரம், இன்னொரு பக்கம் அழிவின் விளிம்பில் ஒரு பறவை. இரண்டுமே ‘சுற்றுச்சூழல்’ கட்சிதான். அதனால்தான் இந்த வழக்கு இவ்வளவு சிக்கலாக இருக்கிறது.

கானமயில் என்றால் மயிலா?

இல்லை. பெயரில் மட்டும்தான் மயில். பார்ப்பதற்குக் கொஞ்சம் நெருப்புக்கோழியை நினைவுபடுத்தும். நீண்ட வெள்ளைக் கழுத்து, தலையில் கறுப்புத் தொப்பி வைத்த மாதிரி கொண்டை, பழுப்பு முதுகு. உயரம் சுமார் ஒரு மீட்டர். ஆண் பறவை 15 கிலோ வரை எடை போடும். உலகத்தில் பறக்கக்கூடிய பறவைகளில் மிகவும் கனமானவற்றுள் இதுவும் ஒன்று. இறக்கையை விரித்தால் இரண்டு மீட்டருக்கு மேல் போகும்.

மரத்தில் உட்காராது. உட்காரவும் முடியாது, கிளையைப் பிடிக்க உதவும் பின்விரல் இதன் காலில் இல்லை. நடப்பது, மேய்வது, தூங்குவது, முட்டையிடுவது எல்லாமே தரையில்தான். வெட்டுக்கிளி, வண்டு, ஓணான், தானியம், காட்டுப் பழம் என்று கிடைத்ததைத் தின்னும். கூடு என்று ஒன்றைக் கட்டுவதில்லை. திறந்த புல்வெளியில் ஒரு முட்டை, அபூர்வமாக இரண்டு. ஏறக்குறைய நான்கு வாரம் தாய் மட்டும் அடைகாக்கும். அப்பா அந்தப் பக்கமே வருவதில்லை.

ஒருகாலத்தில் பஞ்சாபிலிருந்து தக்காணம் முழுக்க, தமிழ்நாட்டின் வறண்ட சமவெளி வரைக்கும் இது இருந்தது. இன்று தமிழ்நாட்டில் ஒன்றுகூட இல்லை. கர்நாடகம், ஆந்திரம், மகாராஷ்டிரத்தில் விரல்விட்டு எண்ணும் அளவுக்குக்கூட உறுதியாகச் சொல்ல முடியாத நிலை. குஜராத்தின் கட்ச் பகுதியில் சில பெண் பறவைகள் மட்டும் எஞ்சின, ஆண் ஒன்றுகூட இல்லை. ஆக, இனப்பெருக்கம் செய்யக்கூடிய கூட்டம் என்று சொல்ல ஜெய்சல்மேர் மட்டும்தான்.

1960-களில் தேசியப் பறவையைத் தேர்வு செய்தபோது, பறவையியலாளர் சாலிம் அலி கானமயிலைத்தான் முன்மொழிந்தார். 1963-ல் மயில் ஜெயித்தது. கானமயிலின் ஆங்கிலப் பெயரில் ஓர் எழுத்து மாறினால் கெட்ட வார்த்தையாகிவிடும் என்று தயங்கியதால் இது தோற்றது என்றொரு கதை இன்றும் உலவுகிறது. கதை உண்மையோ இல்லையோ, மயிலுக்குக் கிடைத்த மரியாதையும் பாதுகாப்பும் இதற்குக் கிடைக்கவில்லை. ராஜஸ்தான் மட்டும் இதைத் தன் மாநிலப் பறவையாக வைத்துக்கொண்டிருக்கிறது.

இவ்வளவு பெரிய கம்பி கண்ணுக்குத் தெரியாதா?

எல்லோருக்கும் முதலில் தோன்றும் கேள்வி இதுதான். பதில், கானமயிலின் கண் எங்கே இருக்கிறது என்பதில் இருக்கிறது.

நமக்குக் கண்கள் முகத்தின் முன்பக்கம். நடக்கும்போது முன்னால் என்ன வருகிறது என்பதுதான் நமக்குத் துல்லியமாகத் தெரியும். கானமயில் வகைப் பறவைகளுக்குக் கண்கள் தலையின் இரு பக்கமும் அமைந்திருக்கின்றன. புல்வெளியில் தரையோடு தரையாக வாழும் பறவைக்கு நரி எந்தப் பக்கத்திலிருந்து வருகிறது என்று தெரிவதுதான் முக்கியம். பக்கவாட்டுப் பார்வை பிரமாதமாக இருக்கும். முன்பார்வையோ ஒரு குறுகிய கீற்று. அதற்கு மேலேயும் கீழேயும் பெரிய குருட்டுப் பகுதி.

2010-ல் வெளியான ஓர் ஆய்வு, ஆப்பிரிக்காவில் வாழும் கானமயிலின் நெருங்கிய உறவான கோரி பஸ்டர்டின் பார்வைப் பரப்பை அளந்து பார்த்தது. பறக்கும்போது அந்தப் பறவை தலையை வெறும் 25 டிகிரி கீழே சாய்த்தால் போதும், தான் போகும் திசையில் அதற்கு எதுவுமே தெரியாது. பறந்துகொண்டே கீழே இரை இருக்கிறதா, இறங்க இடம் இருக்கிறதா, கூட்டாளி நிற்கிறதா என்று குனிந்து பார்ப்பது இந்தப் பறவைகளின் வழக்கம். அந்த நேரத்தில் அது கிட்டத்தட்ட கண்ணைக் கட்டிக்கொண்டு பறக்கிற மாதிரிதான். போனைப் பார்த்துக்கொண்டே பைக் ஓட்டுவது போல என்று வைத்துக்கொள்ளுங்கள். ஒரே வித்தியாசம், பறவைக்கு அது கெட்ட பழக்கம் இல்லை. இயற்கை அப்படித்தான் வடிவமைத்திருக்கிறது. பல லட்சம் ஆண்டுகளாகப் புல்வெளியின் வானத்தில் மோதுவதற்கு எதுவுமே இருந்ததில்லையே.

கம்பி கடைசி நேரத்தில் தெரிந்துவிட்டாலும் தப்பிப்பது கஷ்டம். 10, 15 கிலோ எடையோடு போகும் பறவை புறா மாதிரி சட்டென்று திரும்பாது. போதாக்குறைக்கு, மின்கோபுரத்தின் உச்சியில் இடிதாங்கியாக ஒரு மெல்லிய எர்த் வயர் போகும். கீழே இருக்கும் தடித்த கம்பிகளைப் பார்த்து மேலே எழும்பும் பறவை, அந்த மெல்லிய வயரில் போய் அடிபடுகிறது.

இங்கே ஒரு விஷயத்தைப் பிரித்துப் பார்க்க வேண்டும். தெருவில் காக்காய் கரண்ட் அடித்துச் செத்துக் கிடப்பதைப் பார்த்திருப்பீர்கள். அது கம்பத்தில் உட்கார்ந்து, இரண்டு கம்பியையோ கம்பியையும் இரும்பையுமோ ஒரே நேரத்தில் தொட்டதால் நடப்பது. கழுகு, பருந்துகளும் பெரும்பாலும் அப்படித்தான் சாகின்றன. அதைத் தடுக்கக் கம்பிக்கு உறை போட்டாலே பெரும்பாலும் போதும். கானமயில் உட்காருவதே இல்லை, மோதுகிறது. கம்பியில் கரண்ட் இல்லாவிட்டாலும் அது செத்துவிடும். அதனால் உறை போடுவது இதற்கு உதவாது.

84,000 பறவைகள்

டேராடூனில் உள்ள இந்திய வனவிலங்கு நிறுவனம், தார் பாலைவனத்தில் 80 கிலோமீட்டர் நீள மின்கம்பிப் பாதையை ஓராண்டில் ஏழு முறை நடந்து ஆராய்ந்தது. கம்பிகளுக்குக் கீழே கிடந்த செத்த பறவைகளை எண்ணினார்கள். நரியும் நாயும் தூக்கிக்கொண்டு போனவை, கண்ணில் படாமல் விட்டவை எல்லாவற்றையும் கணக்கில் சேர்த்து 2018-ல் ஒரு மதிப்பீடு சொன்னார்கள்: கானமயில் வாழும் 4,200 சதுர கிலோமீட்டர் பரப்பில் மட்டும் ஆண்டுக்குச் சுமார் 84,000 பறவைகள் கம்பிகளால் சாகின்றன. இது கானமயில் மட்டுமல்ல, எல்லா வகையும் சேர்த்து.

கானமயில் கணக்கு தனி. அந்தப் பகுதியில் அப்போது இருந்தவை சுமார் 128. அதில் ஆண்டுக்கு 18 வரை கம்பியில் மோதிச் சாகலாம் என்றது அறிக்கை. ஏழில் ஒன்று.

18 என்பது கேட்பதற்குச் சின்ன எண். ஆனால், இந்தப் பறவையின் வாழ்க்கை வேகத்தோடு வைத்துப் பாருங்கள். நீண்ட நாள் வாழ்ந்து, மெதுவாகப் பெருகும் இனம். ஒரு பெண் ஆண்டுக்கு இடுவது பெரும்பாலும் ஒரே முட்டை. அதை நாய், நரி, கீரி, காக்கை எது வேண்டுமானாலும் தின்றுவிடலாம். தப்பிப் பொரித்த குஞ்சு வளர்ந்து தானும் முட்டையிட இன்னும் சில ஆண்டுகள் ஆகும். இப்படிப்பட்ட இனத்தில், ஏற்கெனவே வளர்ந்த பறவைகளை இழப்பதுதான் மிகப் பெரிய அடி. மாதச் சம்பளம் குறைவாக இருப்பவர் சேமிப்பிலிருந்து எடுத்து எடுத்துச் செலவழிக்கிற கதை.

வேறு இடமே கிடைக்கவில்லையா?

சோலாருக்கு என்ன வேண்டும்? மேகம் இல்லாத வானம், சமமான நிலம், மலிவான விலை, குறைவான மக்கள். மேற்கு ராஜஸ்தானில் நான்கும் இருக்கின்றன. அந்த மாநிலத்தின் சோலார் வளம் மட்டும் 142 கிகாவாட் என்பது அரசு மதிப்பீடு. ஜோத்பூர் பக்கம் இருக்கும் பட்லா சோலார் பூங்காவின் திறன் 2,245 மெகாவாட். ஜெய்சல்மேரில் 2001-லிருந்தே காற்றாலைகள் சுற்றுகின்றன. 2030-க்குள் நிலக்கரி, எரிவாயு போன்றவை இல்லாத 500 கிகாவாட் மின்திறன் என்பது இந்தியா உலகத்துக்குக் கொடுத்திருக்கும் வாக்கு. அந்தக் கணக்கில் ராஜஸ்தானையும் கட்சையும் எடுத்துவிட்டால் பெரிய ஓட்டை விழும்.

இன்னொரு காரணமும் உண்டு. அது காகிதத்தில் இருக்கிறது. அரசுப் பதிவேடுகளில் இந்தப் புல்வெளிகளில் பெரும்பகுதிக்குப் பெயர் ‘தரிசு நிலம்’. மரம் இல்லை, பயிர் இல்லை, ஆகவே பயனில்லை. ஆனால், அங்கே உள்ள சேவண் புல்லை நம்பி ஆடு, மாடு, ஒட்டகம் மேய்ப்பவர்கள் தலைமுறைகளாக வாழ்கிறார்கள். தெய்வத்தின் பெயரால் கிராமங்கள் காத்துவரும் ‘ஓரண்’ என்ற புனித மேய்ச்சல் நிலங்கள் அங்கே இருக்கின்றன, நம்மூர் கோயில்காடு மாதிரி. ஓரண்களில் கோடரி விழாது. ஆனால், நிலப் பதிவேட்டில் அந்தக் காவலுக்குப் பல இடங்களில் இடமே இல்லை. அதனால் மின்கோபுரம் வருகிறது. ஜெய்சல்மேரின் தேக்ராய் மாதா ஓரணை ஒட்டி வாழும் மக்கள் கம்பிகளுக்கு எதிராகக் குரல் கொடுத்தது பறவைக்காக மட்டும் இல்லை, தங்கள் மேய்ச்சலுக்காகவும்தான். ‘வளர்ச்சியா, பறவையா’ என்று டிவி விவாதங்களில் கேட்கும்போது இந்த மூன்றாவது தரப்பு காணாமல் போய்விடுகிறது.

கோர்ட் என்ன சொன்னது?

வழக்குப் போட்டவர்களில் முதன்மையானவர் எம்.கே. ரஞ்சித்சிங். ஓய்வுபெற்ற ஐஏஎஸ் அதிகாரி. 1972-ன் வனவிலங்குப் பாதுகாப்புச் சட்டத்தை உருவாக்கியதில் பெரும் பங்கு அவருடையது. தான் எழுதிய சட்டத்தின் முதல் அட்டவணையில் இருக்கும் பறவைக்காக, ஏறக்குறைய அரை நூற்றாண்டு கழித்து 2019-ல் உச்ச நீதிமன்றத்தின் கதவைத் தட்டினார்.

2021 ஏப்ரல் 19-ல் அன்றைய தலைமை நீதிபதி எஸ்.ஏ. பாப்டே தலைமையிலான அமர்வு உத்தரவு போட்டது. கானமயில் வாழும் பகுதியிலும், வாழ வாய்ப்புள்ள பகுதியிலும் குறைந்த அழுத்த மின்கம்பிகளைத் தரைக்கடியில் புதைக்க வேண்டும். உயரழுத்தக் கம்பிகளைப் புதைக்க முடியுமா என்பதை மூன்று பேர் குழு ஒவ்வொன்றாகப் பார்த்துச் சொல்லும். அதுவரை, பறவைகளுக்குக் கம்பியைக் காட்டும் டைவர்ட்டர்களை மாட்ட வேண்டும். பறவை ஆர்வலர்கள் கொண்டாடினார்கள்.

மின்துறை அதிர்ந்துபோனது. காரணம், உத்தரவுக்குள் வந்த பரப்பு சுமார் 99,000 சதுர கிலோமீட்டர். தமிழ்நாட்டின் மொத்தப் பரப்பே 1.3 லட்சம் சதுர கிலோமீட்டர்தான் என்பதை நினைத்தால் அளவு புரியும். அடுத்த சில மாதங்களில் மத்திய அரசு உத்தரவை மாற்றக் கோரி மனு போட்டது. உயரழுத்தக் கம்பிகளை இவ்வளவு தூரம் புதைப்பது நடைமுறையில் முடியாது, செலவு பல மடங்கு, பருவநிலை இலக்குகள் கெட்டுவிடும் என்பது அரசு தரப்பு.

2024 மார்ச் 21-ல் தலைமை நீதிபதி டி.ஒய். சந்திரசூட் அமர்வு பழைய உத்தரவைத் திருத்தியது. ஒட்டுமொத்தமாகப் புதைக்கச் சொல்வதை விலக்கிக்கொண்டு, எங்கே எது சாத்தியம் என்று பார்க்க ஒரு நிபுணர் குழுவை அமைத்தது. சட்ட மாணவர்கள் இந்தத் தீர்ப்பை வேறு காரணத்துக்காக மனப்பாடம் செய்கிறார்கள். பருவநிலை மாற்றத்தின் பாதிப்புகளிலிருந்து விடுபட்டு வாழ்வது அரசியல் சட்டத்தின் 14, 21-வது பிரிவுகளின் கீழ் வரும் உரிமை என்று உச்ச நீதிமன்றம் சொன்னது இந்த வழக்கில்தான். மக்களுக்கு ஒரு புதிய உரிமை பிறந்தது. பறவைக்குக் கிடைத்திருந்த பாதுகாப்பு அதே தீர்ப்பில் தளர்ந்தது. கானமயில் கேட்காத திருப்பம்.

2025 டிசம்பர் 19-ல் நீதிபதிகள் பி.எஸ். நரசிம்மா, அதுல் சந்துர்கர் அமர்வு, நிபுணர் குழுவின் பரிந்துரைகளை ஏற்று அடுத்த தீர்ப்பைக் கொடுத்தது. கண்டிப்பான காவல் தேவைப்படும் முன்னுரிமைப் பகுதியாக ராஜஸ்தானில் 14,013 சதுர கிலோமீட்டரும் குஜராத்தில் 740 சதுர கிலோமீட்டரும் குறிக்கப்பட்டன. இந்த எல்லைக்குள் புதிய காற்றாலை கூடாது. 2 மெகாவாட்டுக்கு மேற்பட்ட புதிய சோலார் நிலையம் கூடாது. புதிய பெரிய மின்கம்பிகள் வந்தால் அதற்கென ஒதுக்கப்பட்ட வழித்தடங்களில் மட்டும் போக வேண்டும். ஏற்கெனவே இருப்பவற்றில் ஆபத்தானவை என்று அடையாளம் கண்ட பகுதிகளைப் புதைக்கவோ பாதை மாற்றவோ வேண்டும்.

99,000-லிருந்து 15,000-க்கும் கீழே. தோல்வி என்று சொல்பவர்கள் இருக்கிறார்கள். ஆனால், முதல் உத்தரவு காகிதத்தில் பெரிதாக இருந்தும் களத்தில் புதைக்கப்பட்ட கம்பி சொற்பம். சின்ன வட்டம் போட்டு அதற்குள் உண்மையாகவே கம்பியை இறக்கினால், பறவைக்கு அதுதான் லாபம். சிக்கல் ‘உண்மையாகவே’ என்ற அந்த ஒரு வார்த்தையில்தான்.

சென்னையில் புதைக்கிறார்களே, பாலைவனத்தில் ஏன் முடியாது?

நியாயமான கேள்வி. சென்னைத் தெருக்களில் புதைவடம் சர்வசாதாரணம். அங்கே மண்ணுக்குள் போவதில் பெரும்பகுதி 11, 33 கிலோவோல்ட் கேபிள்கள். இந்த அழுத்தத்தில் ராஜஸ்தானிலும் புதைப்பதில் தொழில்நுட்பத் தடை எதுவும் இல்லை, பணம்தான் கேள்வி. 400, 765 கிலோவோல்ட் என்று போகும்போதுதான் இயற்பியல் குறுக்கே வருகிறது.

மேலே தொங்கும் கம்பிக்கு உறையே இல்லை. சுற்றியிருக்கும் காற்றுதான் உறை, காற்றுதான் கூலிங். இரண்டும் இலவசம். மண்ணுக்குள் போட்டால் தடித்த காப்புறை வேண்டும், சூடு வெளியேற வழி வேண்டும். கேபிளைக் கிலோமீட்டர் கணக்கில் ஒரே துண்டாகத் தயாரித்து லாரியில் கொண்டுபோக முடியாது. துண்டு துண்டாக இணைக்க வேண்டும், ஒவ்வொரு இணைப்பும் பழுதாகும் வாய்ப்புள்ள இடம். பழுதானால் தோண்டித்தான் பார்க்க வேண்டும்.

இதையெல்லாம் பணத்தால் சமாளிக்கலாம். அடுத்ததைச் சமாளிப்பது கஷ்டம். நம் மின்சாரம் மாறுதிசை மின்னோட்டம், நொடிக்கு 50 சுழற்சி. புதைத்த கேபிள் ஒரு நீளமான கெப்பாசிட்டர் மாதிரி நடந்துகொள்ளும். ஒவ்வொரு சுழற்சியிலும் கேபிள் தன்னைத்தானே சார்ஜ் செய்துகொண்டு இறக்கிக்கொண்டே இருக்கும். நீளம் கூடக்கூட இதற்கே கேபிளின் திறன் செலவாகிவிடும். சில பத்து கிலோமீட்டர் தாண்டினால், நடுவே ஈடுகட்டும் கருவிகள் வைக்காமல் மின்சாரத்தைக் கொண்டுபோவதில் அர்த்தமே இருக்காது. தண்ணீர் லாரி தன் தொட்டியில் இருப்பதைத் தானே குடித்துக்கொண்டு போகிற மாதிரி.

நேர்திசை மின்னோட்டத்தில் இந்தத் தொல்லை இல்லை. அதற்கு உதாரணம் நம் பக்கத்திலேயே இருக்கிறது. சத்தீஸ்கரின் ராய்கரிலிருந்து கரூர் பக்கம் புகளூர் வரை 800 கிலோவோல்ட் நேர்திசைப் பாதை வருகிறது. புகளூரிலிருந்து கேரளத்தின் திருச்சூருக்கு 2,000 மெகாவாட் கொண்டுபோகும் 320 கிலோவோல்ட் பாதை, வடக்கஞ்சேரிக்குப் பிறகு மண்ணுக்குள் இறங்கிவிடுகிறது. சுமார் 27 கிலோமீட்டர் புதைவடம். 2021 பிப்ரவரியிலிருந்து இயங்குகிறது. அங்கே காரணம் பறவை இல்லை, கோபுரம் நட நிலம் கிடைக்கவில்லை. இரு முனையிலும் மின்மாற்று நிலையம் கட்ட வேண்டும் என்பதால் செலவு அதிகம்தான். ஆனாலும், ‘உயரழுத்தம் என்றாலே புதைக்க முடியாது’ என்ற வாதத்தைக் கேட்கும்போது திருச்சூரை நினைவில் வைத்துக்கொள்வது நல்லது. நிலம் கிடைக்காதபோது முடிந்திருக்கிறது.

டைவர்ட்டர் மாட்டினால் போதாதா?

கம்பியில் தொங்கும் சின்னத் தகடு அல்லது சுருள் இது. காற்றில் சுழலும், வெயிலில் மினுங்கும், சில வகை இருட்டில் ஒளிரும். 2020-ல் பொக்ரான் பக்கம் இரண்டு இடங்களில், மொத்தம் ஆறரை கிலோமீட்டர் பாதையில் 1,800-க்கும் மேற்பட்ட ‘மின்மினி’ வகை டைவர்ட்டர்களை மாட்டினார்கள். புதைப்பதோடு ஒப்பிட்டால் மிகவும் மலிவு. அதனால் கம்பெனிகளுக்குப் பிடித்த தீர்வும் இதுதான்.

பல பறவைகளுக்கு இது நன்றாகவே வேலை செய்கிறது. தென்னாப்பிரிக்காவின் கரூ வறண்ட சமவெளியில் எட்டு ஆண்டுகள் நடந்த ஒரு சோதனையின் முடிவு 2021-ல் வந்தது. டைவர்ட்டர் மாட்டிய இடங்களில் நீலக் கொக்குகளின் சாவு 92 சதவீதம் குறைந்தது. ஆனால், அதே கம்பிகளில் லட்விக் பஸ்டர்ட் என்ற பறவையின் சாவில் மாற்றமே இல்லை. அது நம் கானமயிலின் குடும்பம். மேலே சொன்ன கண் விஷயத்தை நினைத்துப் பார்த்தால் ஆச்சரியம் இல்லை: முன்னால் பார்க்காத பறவைக்கு முன்னால் எவ்வளவு பளபளப்பாக வைத்தாலும் என்ன? டைவர்ட்டர் மாட்டுவதால் மற்ற பறவைகள் பிழைக்கும், அதற்காக மாட்டலாம். கானமயிலைக் காப்பாற்றியாகிவிட்டது என்று கணக்கு காட்டுவதற்கு அது போதாது.

கம்பியை எடுத்தால் என்ன ஆகும் என்பதற்கு ஐரோப்பாவில் ஒரு நல்ல உதாரணம் இருக்கிறது. ஆஸ்திரியாவும் அதை ஒட்டிய மேற்கு ஹங்கேரியும் தங்கள் பெரிய பஸ்டர்ட் பறவைகள் வாழும் சமவெளியில் நடுத்தர அழுத்தக் கம்பிகளைப் புதைத்தன, புதைக்க முடியாத உயரழுத்தக் கம்பிகளில் அடையாளம் மாட்டின. கூடவே, பறவைக்கு ஏற்ற வகையில் விவசாயம் செய்த உழவர்களுக்குப் பணம் கொடுத்தார்கள். மோதல் குறைந்தது, எண்ணிக்கை ஏறியது. பரப்பு சின்னது, பணக்கார நாடு, எல்லாம் சரி. ஆனால், வழி தெரியாத பிரச்சினை இது இல்லை.

கூண்டில் பிறக்கும் குஞ்சுகள்

இதற்கிடையில் ஜெய்சல்மேரில் இன்னொரு வேலை நடக்கிறது. 2019-லிருந்து காட்டில் கிடைத்த முட்டைகளை எடுத்துவந்து, இன்குபேட்டரில் பொரித்து, சம் என்ற இடத்திலும் ராம்தேவ்ராவிலும் உள்ள மையங்களில் வளர்க்கிறார்கள். வெட்டவெளியில் விட்டால் நரிக்குப் போயிருக்கக்கூடிய முட்டைகள். மத்திய அரசு, ராஜஸ்தான் வனத்துறை, இந்திய வனவிலங்கு நிறுவனம் மூன்றும் சேர்ந்து நடத்தும் திட்டம். அபுதாபியில் ஹூபாரா என்ற பாலைவனப் பஸ்டர்டைக் கூண்டில் பெருக்கி அனுபவம் பெற்ற அமைப்பு தொழில்நுட்ப உதவி செய்கிறது. 2024 அக்டோபரில் செயற்கைக் கருவூட்டல் மூலம் முதல் குஞ்சு பிறந்தது. ராம்தேவ்ராவில் இருந்த ஆணின் விந்தணுவைச் சுமார் 200 கிலோமீட்டர் தள்ளி சம் மையத்துக்குக் கொண்டுபோய்ச் சாதித்தார்கள். மையங்களில் வளரும் பறவைகளின் எண்ணிக்கை இன்று 60-ஐத் தாண்டிவிட்டது.

காட்டில் இருப்பவை ஒட்டுமொத்தமாகப் போனாலும் இனம் அழியாது என்ற அளவுக்கு இது ஒரு இன்சூரன்ஸ். ஆனால், இன்குபேட்டரில் கண்விழித்து மனிதர் கையால் தீனி தின்று வளர்ந்த பறவைக்கு நரி என்றால் பயப்படத் தெரியாது. அதன் குஞ்சுகளும், குஞ்சுகளின் குஞ்சுகளும்தான் மெதுவாகப் பழக்கப்பட்டு வெளியே போக வேண்டும்.

போனால், எங்கே போகும்? கம்பி மட்டுமே எதிரி என்றால் கதை சுலபம். இந்திரா காந்தி கால்வாய்த் தண்ணீர் வந்த இடங்களில் புல்வெளி வயலாகிவிட்டது. ‘பசுமையாக்குகிறோம்’ என்று புல்வெளியில் மரம் நட்டதும், சீமைக்கருவேலம் பரவியதும் சேர்ந்து இடத்தைச் சுருக்கின. கிராமங்களின் குப்பைமேட்டை நம்பிப் பெருகும் நாய்க்கூட்டம் முட்டையையும் குஞ்சையும் விடுவதில்லை. பாலைவன தேசியப் பூங்காவின் பரப்பு 3,162 சதுர கிலோமீட்டர் என்றாலும், அதில் வேலி போட்டு அமைதியாக விடப்பட்ட பகுதிகள் கொஞ்சம்தான். உள்ளே வாழும் கிராமத்தினருக்கோ ரோடு போடவும் லைன் இழுக்கவும் அனுமதி கிடைக்காத கோபம் தனி. கானமயில் இன்று ஓரளவு நிம்மதியாக இருக்கும் இடங்களில் ஒன்று பொக்ரான் ராணுவப் பயிற்சி மைதானம். குண்டு வெடிக்கும் இடம்தான். ஆனால், அங்கே ஆள் நடமாட்டம் இல்லை, கம்பி இல்லை.

கட்ச்சின் நிலை இன்னும் மோசம். அங்கே கானமயிலுக்கென ஒதுக்கிய லாலா சரணாலயத்தின் பரப்பு வெறும் இரண்டு சதுர கிலோமீட்டர். ஒரு பறவை காலையில் எழும்பினால் சில நிமிடத்தில் எல்லை தாண்டிவிடும்; தாண்டினால் காற்றாலையும் கம்பியும். புதிய தீர்ப்பு குறித்திருக்கும் 740 சதுர கிலோமீட்டர் இந்த நிலையை மாற்ற முடியும். அதில் இருக்கும் கம்பிகள் இறங்கிய பிறகுதான் அங்கே மறுபடி ஆண் பறவையை விடுவதைப் பற்றி யோசிக்க முடியும். தீர்ப்பின்படி புதைக்கும் வேலைக்கு இரண்டு ஆண்டுகள்தான். சம் மையத்தில் 2024-ல் பிறந்த குஞ்சு முட்டையிடும் வயதை எட்டுவதும் கிட்டத்தட்ட அதே சமயத்தில்தான்.